வேலிக்குக் கட்டின சேலை

ஒக்காரும்மா. வேளாங்கண்ணி பஸ்ஸுதானே, அது இப்ப வராது. போன வண்டி திரும்பி வரணும், முக்கா மணி நேரம் ஆவும். ரோட்டுல நின்னு வெயில் காயறதுக்கு இங்க பூங்காவுல ஒக்காரலாம். வண்டி வந்தா ஆரன் சத்தம் நல்லாக் கேக்கும். இந்த பெஞ்சு மூணு பேரு ஒக்கார்ற பெஞ்சு. நீ அந்த ஓரத்துல ஒக்காந்துக்க, நடுவுல எடம் விட்டுடு. ஆளு வருது.

என்ன, சேலையப் பாக்கறியா. எல்லாரும் அதத்தான் பாக்கறாங்க. கடலப் பாத்தாப்ல நிக்குற மரக்கன்னுங்களுக்கெல்லாம் பழைய சேலை சுத்தியிருக்கு பாரு. அதுல அந்தா, கடைசிக்கு முந்தின கன்னு, மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. நான் கட்டியிருக்கறதும் அதுவும் ஒண்ணுதான். ஒரே கடையில ஒரே நாள்ல எடுத்தது. ஒண்ணைக் கிழிச்சு மரத்துக்குப் பாதி எனக்குப் பாதின்னு கட்டிக்கிட்டதா நெனச்சுடாத. ரெண்டும் முழுச் சேலை. என் மக கல்யாணத்துக்கு எனக்கு ஒண்ணு, பாக்கியத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தேன்.

பாக்கியம்னா சிவபாக்கியம். பால்வாடியில ஆயாவா இருந்து ரிட்டயர் ஆனவ. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ, ஆனா அக்கான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல, வாடி போடிதான். பதிமூணு வருசமா நானும் அவளும் காலைல அஞ்சரைக்கு இங்க வந்துடுவோம். நாலு சுத்து நடப்போம். அப்புறம் இந்த பெஞ்சு. அவ ஃப்ளாஸ்குல சுக்குமல்லிக் காப்பி கொண்டாருவா. அந்த ஃப்ளாஸ்குக்கு ரெண்டு மூடி, வெளி மூடி பெருசு, உள் மூடி சின்னது. பெருசு எனக்கு. பதிமூணு வருசமும் பெருசு எனக்குத்தான், அத நீ மனசுல வச்சுக்க.

எனக்கு வேற யாரும்மா இருக்கா. மக மஸ்கட்ல. வீட்டுக்காரரு பேப்பரத் தூக்குனா பத்து மணிக்குத்தான் கீழ வைப்பாரு, வச்சாலும் "சாப்பாடு ஆச்சா"ங்கற ஒரு வார்த்தைதான். நான் வீட்டுல ஜாக்கெட் தைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன், முப்பது வருசமா. வர்றவங்க அளவு குடுப்பாங்க, போயிடுவாங்க. மனுசங்கிட்ட பேசணும்னா எனக்கு இந்த பெஞ்சுதான், பாக்கியம்தான்.

கார்த்திகையில அடிச்சுதே புயல், அதுல இந்தப் பூங்கா ஒண்ணுமில்லாமப் போச்சு. எழுவது மரம் சாஞ்சுது. நடக்கற பாதை மேல முழங்கால் ஒசரத்துக்கு மணலு. கம்பி கேட்டு எங்க போச்சுன்னே தெரியல. புள்ளைங்க ஆடற ஊஞ்சல் முறுக்குப் புழிஞ்சாப்ல கெடந்துச்சு. நகராட்சியில கேட்டா ரோடு, கரண்டு, குடிதண்ணி எல்லாம் முடிஞ்சாத்தான் பூங்கான்னுட்டாங்க. சரி, நியாயம்தான்.

எங்க வீடு மெத்தை வீடு, ஒண்ணும் ஆவல. பாக்கியம் வீடு ஓட்டு வீடு. ஓடு பறந்துடுச்சு. ஊர்ல யார் வீட்டு ஓடுதான் பறக்கல. புருசன் போயி ஒத்தையில இருக்கறவ, வந்து நம்ம வீட்டுல தங்குவான்னு நானும் மாடி ரூமைக் கூட்டி வச்சிருந்தேன். வரல. நாலு நாள் கழிச்சு விசாரிச்சா, ஊருக்குப் புதுசா வந்த ஜெசிந்தா டீச்சர் வீட்டுல இருக்காளாம்.

கூப்பிட்டியான்னு கேக்காத. கூப்பிட்டாத்தான் வரணுமா? பதிமூணு வருசப் பழக்கம், உரிமையா வந்து கதவத் தட்ட வேணாமா? தெரு முழுக்க மரம் கெடந்துச்சு, எப்படிப் போறது நான். அந்த டீச்சரம்மா சாஞ்ச மரத்து மேலெல்லாம் ஏறிப் போயி, தார்ப்பாய் போட்டு, பாக்கியத்தக் கையோட கூட்டிக்கிட்டுப் போனாங்களாம். அவங்களுக்கு என்ன, புருசனா புள்ளையா. வேலை வெட்டி இல்லாதவங்க எந்த மரத்து மேல வேணா ஏறலாம்.

ஜெசிந்தா டீச்சரு திருச்சியில செடி கொடிப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவங்க. புயலுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் இங்க தம்பி வீட்டுக்கு வந்தாங்க. நேத்து பேஞ்ச மழையில இன்னைக்கு மொளச்ச காளான். அவங்கதான் வீடு வீடா வந்து, "நம்ம பூங்காவ நம்மளே சரி பண்ணுவோம், வாரத்துக்கு மூணு நாள், காலைல ரெண்டு மணி நேரம்"னு ஆள் சேத்தாங்க. நம்ம பூங்காவாம். வந்து ரெண்டு மாசம் ஆவல, நம்ம.

நானும் போனேன். போவாம? பாக்கியம் போறாளே.

மணலை அள்ளினோம். கூடையில அள்ளி கை மாத்தி கை மாத்திக் கடக்கரைப் பக்கம் கொட்டணும். வரிசையில எனக்கு அடுத்து பாக்கியம் நிப்பா. மூணாம் நாள் பாத்தா எனக்கும் அவளுக்கும் நடுவுல டீச்சரு. "நீலாம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாக்கியத்துக்கு முட்டி வலி, பாதிக் கூடையாத் தரணும்"னாங்க. என் பேரு நீலாயதாட்சி. அவங்களுக்கு நான் நீலாம்மா, அவ மட்டும் வெறும் பாக்கியம். மொதல்ல பாக்கியம்மான்னுதான் சொன்னாங்க, ஒரே வாரத்துல அந்த 'அம்மா' எங்கியோ ஒழிஞ்சு போச்சு. இவளும் சும்மா இருந்தாளா? டீச்சர் டீச்சர்னு இருந்தவ ஒரு நாள் "ஜெசி, மம்பட்டிய எடுங்க"ங்கறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு.

முட்டி வலிங்கறது எனக்குத் தெரியாதா. தெரியும். பதிமூணு வருசமாத் தெரியும். வலிக்குதுன்னு சொன்னா, நடந்தா சரியாப் போயிடும்னு நான்தானே இழுத்துக்கிட்டு நடப்பேன்.

அன்னைக்கு வேலை முடிஞ்சு ஒக்காந்தோம். ஃப்ளாஸ்கத் தொறந்தா. பெரிய மூடில ஊத்தி, "இந்தாங்க ஜெசி"ன்னு நீட்டறா. எனக்குச் சின்ன மூடி. அவ கடைசியில ரெண்டுல எது காலியாச்சோ அதுல ஊத்திக் குடிச்சா. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருந்துச்சு.

பொறாமைன்னு சொல்லாத. எனக்கு அந்தக் குணமே கெடையாது, யாரை வேணா கேளு. வயிறு எரிஞ்சுது, அது வேற.

தை பொறந்து கன்னு நட்டோம். எல்லாம் புன்னை. மொத்தம் பதினெட்டு, ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு, பேரு கெடையாது, நம்பரு. நம்பரு டீச்சர் நோட்டுல இருக்கும். என்னோடது பதினாறு. நட்ட மூணாம் நாளே எல்லாக் கன்னும் எலை கருகுது. உப்புக் காத்து. பெரிய மரம் இருந்தப்ப அது தாங்கும், இப்ப எதுவும் இல்லியே. பச்சை வலை வரவழைக்கணும், ஒரு மாசம் ஆவும்னாங்க டீச்சரு. அப்பதான் பாக்கியம் வாயத் தொறந்தா. "எங்கூர்ல கொல்லையில பன்னி வராம இருக்கப் பழைய சேலையத்தான் சுத்திக் கட்டுவோம். காத்துக்கும் அது போதும்"னா. டீச்சருக்குச் சந்தோசம் தாங்கல, கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் கொல்லையில சேலை கட்டினவதான், எனக்கும் தெரியும், எனக்கு அந்த நேரம் பாத்து வாயில வரல.

மறுநாள் ஆளுக்கொரு சேலை கொண்டாந்தோம். நாலு மூங்கில் நட்டு, சேலையச் சுத்தி, முந்தானை முனையில கோணி ஊசியால நாலு ஓட்டை போட்டு, நைலான் கயிறு கோத்து மூங்கிலோட இறுக்கிடணும். நான் என் மாமியாரோட பழைய காட்டன் வாயில் சேலையக் கொண்டாந்தேன், கட்டிட்டு நிமிந்து பாக்கறேன். பக்கத்துல பதினேழாம் நம்பரு. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.

நான் எடுத்துக் குடுத்த சேலை. என் கையால ஃபால்ஸ் அடிச்சு, மஞ்சத் துணிப்பையில வச்சு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட குடுத்த சேலை. அதுல ஓட்டை போட்டுக் காத்துல கட்டியிருக்கா. யார் கன்னுக்கு? பதினேழு டீச்சரோட கன்னு. தெனம் அதுங்கிட்ட குந்திக்கிட்டு அவங்கதானே தண்ணி ஊத்தறாங்க, களை எடுக்கறாங்க. அவங்க கன்னுக்கு என் சேலை.

"ஏண்டி, வேற சேலையே கெடைக்கலியா ஒனக்கு"ன்னு கேட்டேன். "இதான் கெட்டி நீலா. மத்தது எதுவும் காத்துக்கு நிக்காது"ன்னா. அவ்வளவுதான், போயிட்டா. எப்படி ஒரு பதில் பாரு. கெட்டியாம்.

நாலு நாள் தூங்கல நான். அஞ்சாம் நாள் விடிகாலைல, யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, கயித்த அறுத்து, சேலைய உருவிப் பையில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். திருட்டுன்னு சொல்ல முடியாது. நான் எடுத்த சேலைதானே. உப்புப் போவ ரெண்டு தண்ணி அலசி, நெழல்ல காய வச்சு, இஸ்திரி போட்டு, என் பீரோவுல என் சேலைக்குப் பக்கத்துல வச்சேன். என்னைக்காவது அவளே கேப்பா, அப்ப எடுத்து நீட்டி, "இந்தாடி, நீ வேலிக்குக் கட்டினது"ன்னு சொல்லணும்னு இருந்துச்சு.

ஒண்ணும் தெரியாத மாதிரி ஆறரைக்கு வந்தேன். அன்னைக்குப் பாத்து நல்ல காத்து. பாக்கியம் பதினேழாம் நம்பருக்கு முன்னாடி கடலுக்கு முதுகு காட்டி நிக்கறா. தன் முந்தானையப் பிரிச்சு ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, கன்னு மேல காத்துப் படாம மறைச்சுக்கிட்டு நிக்கறா. டீச்சரு சாக்கு எடுக்க ஓடியிருக்காங்க. முட்டி வலிக்காரி அரை மணி நேரம் அப்படியே நின்னா. பதிமூணு வருசத்துல எனக்கு ஒரு கொடை புடிச்சிருப்பாளா இவ? இன்னொருத்தி கன்னுக்கு இந்தப் பாடு படறாளேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "காத்துல தூசி"ன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன்.

சாக்குக் கட்டினாங்க. சாக்கு நெறைய நாள் நிக்கல. கடல் பக்கத்துக் கெளை ரெண்டும் கருகிடுச்சு. சேலை எங்க போச்சுன்னு நாலு நாள் பேச்சு. ஆடு இழுத்துடுச்சுன்னாரு ஒருத்தரு. காத்துல போயிருக்கும்னாரு இன்னொருத்தரு. பாக்கியம் ஒண்ணும் சொல்லல. என் முகத்தையும் பாக்கல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க, எனக்கு அப்படியெல்லாம் இல்ல. சாப்பாடுதான் கொஞ்சம் செல்லல.

சித்திரையில பூங்காவத் தெறக்கறதா முடிவாச்சு. புது கேட்டு, புது ஊஞ்சல், பாதையெல்லாம் சிமிட்டிக் கல்லு. நகராட்சியிலேருந்து ஆளுங்க வராங்க, ரிப்பன் வெட்டறாங்க, அப்புறம் கன்னு வச்ச பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருத்தராக் கூப்பிடுவாங்க, அவங்கவங்க கன்னுக்குத் தண்ணி ஊத்தணும். நான் யோசிச்சேன். அன்னைக்கு நான் என் மாம்பழ மஞ்சள் சேலையக் கட்டிக்கிட்டுப் போறது. அவ பாக்கணும். நீ ஓட்டை போட்ட சேலையோட ஜோடிய நான் எப்படிக் கசங்காம வச்சிருக்கேன் பாருடின்னு வாயால சொல்லாம சொல்லணும்.

காலைல கரண்ட் இல்ல. வீட்டுக்காரரு தூங்கறாரு. பீரோவத் தொறந்து இருட்டுல மஞ்சளா கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

வந்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. ரிப்பன் வெட்டினாங்க. டீச்சரு நோட்டத் தொறந்து நம்பரும் பேரும் படிக்கறாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு போவுது. ஆறு, ஜெசிந்தான்னு தன் பேரையே படிச்சுட்டுப் போயி ஊத்திட்டு வந்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆறா? பதினாறு நான், ஊத்தினேன். சொம்ப வச்சுட்டுத் திரும்பறேன்.

"பதினேழு, சிவபாக்கியம்."

அது பாக்கியத்தோட கன்னும்மா. முட்டி மடக்கிக் குந்த முடியாதுன்னு அவளுக்காக டீச்சரு குந்தித் தண்ணி ஊத்தியிருக்காங்க, தெனமும். நோட்டுல எழுதியிருக்கு, யார்கிட்ட கேட்டாலும் சொல்லியிருப்பாங்க. நான் யார்கிட்டயும் கேக்கல.

பாக்கியம் சொம்போட மெல்ல நடந்து போயி, நின்னுக்கிட்டே ஊத்தினா. கடல் பக்கம் பூரா மொட்டை, இந்தப் பக்கம் மட்டும் நாலஞ்சு எலை. ஊத்திட்டு அந்த எலையத் தொட்டுப் பாத்தா.

அப்ப டீச்சரு என் பின்னாடி வந்து, "நீலாம்மா, இந்தச் சேலை..."ன்னு ஆரம்பிச்சாங்க. "இது அந்த..."

அவங்க முடிக்கல. பாக்கியம் வேகமா வந்தா, அந்த முட்டிய வச்சுக்கிட்டு. "இது நீலாவோடது, ஜெசி. நாங்க ஒரே மாதிரி ரெண்டு எடுத்தோம், அவ மக கல்யாணத்துக்கு"ன்னா. சொல்லிக்கிட்டே என் முதுகுல தொங்கின முந்தானைய இழுத்து, முன்னாடி சுத்தி, என் இடுப்புல நல்லா உள்ள தள்ளிச் செருகினா. "காத்தடிக்குது. பறக்க விடாத, செருகியே வச்சுக்க"ன்னா.

எனக்கு ஒண்ணும் தோணல. ஏதோ பாசமா செருகறான்னு நெனச்சேன். டீச்சரு முன்னாடி என் சேலையப் பெருமையா சொல்றாளேன்னு மனசு குளுந்துச்சு. வடை சாப்பிட்டேன், போட்டோவுக்கு நின்னேன். எல்லாம் செருகின முந்தானையோட.

வீட்டுக்கு வந்து அவுத்தா, முந்தானை முனையில நாலு ஓட்டை. ஒண்ணுல பச்சை நைலான் கயித்துத் துணுக்கு இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கு.

முப்பது வருசமா சேலை தொட்டு வேலை பாக்கறவ நான். ரெண்டுக்கும் ஒரே நூல்ல ஒரே கையால ஃபால்ஸ் அடிச்சவ. கீழ் விளிம்பத் தடவிப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், முந்தானைய யாரு பாத்தா. அன்னைக்குக் காலையிலேருந்து என் முதுகுல அந்த நாலு ஓட்டையும் ஊருக்குத் தெரியறாப்ல தொங்கியிருக்கு. எத்தனை பேரு பாத்தாங்களோ. அவ பாத்துட்டா. பாத்துட்டு இடுப்புல செருகிட்டா. சேலை காணாமப் போன அன்னைக்கே அவளுக்குத் தெரியும்னு எனக்கு அப்பதான் ஒறைச்சுது. தரையில ஒக்காந்து அழுதேன். வீட்டுக்காரரு பேப்பரக் கீழ வச்சுட்டு வந்து என்னன்னு கேட்டாரு. அது ஒரு அதிசயம்.

டீச்சரு அப்புறம் ஒரு நாள் சொல்லித்தான் தெரியும், புயல்ல அவ பீரோ ரெண்டு நாளு மழைத்தண்ணியில நின்னுருக்கு. மிஞ்சினது மூணே சேலை. அதுல நல்லது அந்த மஞ்சள் ஒண்ணுதான். என்கிட்ட அவ சொல்லவேயில்ல. ஏன் சொல்லல பாரு. அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. அத நெனச்சா இப்பவும் எனக்கு ஆறல.

பூங்கா தெறந்த மறுநாளே என் நல்ல சேலைய எடுத்துக்கிட்டு வந்தேன். நானே கோணி ஊசியால நாலு ஓட்டை போட்டேன். நல்ல சேலைம்மா அது. பதினேழாம் நம்பருக்குச் சுத்திக் கட்டிக்கிட்டு இருக்கறப்ப பின்னாடி வந்து நின்னா. நான் திரும்பல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கீழ் முடிச்சு லூசா இருக்கு, இன்னும் இறுக்கு"ன்னா. இறுக்கினேன். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அதப் பத்தி அவளும் பேசல, நானும் பேசல. ஓட்டைச் சேலைய நான் வச்சுக்கிட்டேன். வாரத்துல ரெண்டு நாள் கட்டறேன். முந்தானையச் செருகித்தான் கட்டணும், இதோ பாரு.

கடல் பக்கமும் துளிர் விட்டிருக்கு, போறப்ப நின்னு பாத்துட்டுப் போ.

அந்தா வராங்க. முன்னாடி வர்றவதான் பாக்கியம், காலைச் சாய்ச்சு நடக்கறா பாரு. பக்கத்துல கையப் புடிச்சுக்கிட்டு வர்றது டீச்சரு. புடிக்காம நடக்க முடியாதா அவளுக்கு? நான் கூட வந்தா நானும்தான் புடிப்பேன். ஃப்ளாஸ்கு இருக்கு. டீச்சர் கையில டம்ளரு, அவங்க காப்பிக்கு அவங்களே வீட்டுலேருந்து கொண்டாராங்க இப்ப. நான் ஒண்ணும் சொல்லல, அவங்களாத்தான்.

கொஞ்சம் எந்திரிச்சுக்கிறியாம்மா? மூணு பேரு பெஞ்சு இது, தப்பா எடுத்துக்காத. ஓரத்துல பாக்கியம் ஒக்காரட்டும், அவளுக்குக் கைப்பிடி வேணும் எந்திரிக்கறதுக்கு. அந்த ஓரத்துல டீச்சரு.

நடுவுல நான் ஒக்காந்துக்கறேன்.